வகுப்பறையா, பிரட்டுக்களமா?

பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் பசறையிலும் வாழும் நம்மவரிடையே கல்வி பற்றிப் பேச்செழுந்தால், அது பெரும்பாலும் கட்டடத்தில் தொடங்கிக் கணினியில் முடிந்துவிடுகிறது. கட்டடம் வேண்டும், கணினியும் வேண்டும். வேண்டாமென்பார் எவருமிலர். ஆனால், அக்கட்டடத்துக்குள்ளே அமர்ந்திருக்கும் மாணவன் வாய் திறக்கிறானா? தன் மனத்தில் எழும் ஐயத்தை அச்சமின்றிக் கேட்கிறானா? இதை நாம் விசாரிப்பதில்லை. இன்று விசாரித்தே தீரவேண்டியிருக்கிறது.

பிரட்டுக்களம் இன்னதென்று ஊவாத் தோட்டங்களை அறிந்த வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விடியற்குளிரில் வரிசையாய் நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, காட்டிய மலைக்குக் கூடையோடு போவதே தலைமுறை தலைமுறையாக நம் மக்களுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு. 'ஏன்?' என்று கேட்டவன் வேலையை இழந்து லயத்தையும் இழந்த காலம் உண்டு. அந்த ஒழுங்குதான் மெல்ல மெல்ல நம் பாடசாலைகளுக்குள்ளும் நுழைந்தது. வரிசையாய் உட்கார், பெயர் கூப்பிட்டால் எழுந்து நில், சொன்னதைத் திருப்பிச் சொல். கங்காணியின் இடத்தில் ஆசிரியர். கொழுந்துக் கூடையின் இடத்தில் குறிப்புக் கொப்பி. வேறு என்ன வேறுபாடு?

இது தற்செயலாய் நேர்ந்ததன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடமே ஒப்படைத்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், எதிர்த்துக் கேட்கத் தெரியவேண்டாம் என்பதே அந்நிருவாகங்கள் பலவற்றின் எண்ணமாக இருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வாசலுக்கு வெளியேதான் நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழியை ஆசிரியர் தலையில் சுமத்துவது நம் நோக்கமன்று. கடந்த பதின்மத்தில் 3000க்கு மேற்பட்ட இளைஞரும் யுவதியரும் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில், சொற்ப உதவித்தொகையோடு, பயிற்சியும் பெறுமுன்னரே தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். தாம் கற்ற விதமாகவே அவர்கள் கற்பித்தால் அதில் வியப்பென்ன? ஆயினும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஆசிரியர் பயிற்சிக் கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கும் பெரியோர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. நாளைய ஆசிரியனையும் நாளைய தொழில்வினைஞனையும் உருவாக்குவோர் அவர்களே. அங்கேயும் விரிவுரையாளர் குறிப்புச் சொல்ல, மாணவர் எழுத, மணி அடித்தால் கலைவது என்பதே கல்வியாக இருக்குமானால், பிரட்டுக்களம் மாடிக்கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது என்பதன்றி வேறென்ன?

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மஸூர் ஒரு விந்தையைக் கண்டார். அவருடைய மாணவர் கடினமான கணக்குகளைச் செய்து முடித்தனர்; ஆனால் அக்கணக்குகளின் அடிப்படை பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறினர். 1991 முதல் அவர் வழியை மாற்றினார். வகுப்பில் ஒரு கேள்வியை வைப்பார். ஒவ்வொருவரும் தனித்து விடை சொல்லவேண்டும். பின்னர், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவனோடு வாதாடி, மறுபடியும் விடை சொல்லவேண்டும். இரண்டாம் முறை சரியான விடைகள் பெருகின. இதற்கு என்ன செலவு? விரலை உயர்த்திக் காட்டினால் போதும். நாலு நிற அட்டைகள் இருந்தால் தாராளம். பதுளையில் இதைச் செய்ய எந்த அமைச்சின் அனுமதி வேண்டும்?

கேள்விகளைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதுமில்லை. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. எஞ்சிய மூன்றரைக் கிலோ எங்கே போயிற்று? இந்த ஒரு கேள்விக்குள் விகிதமும் இருக்கிறது, ஆவியாதலும் இருக்கிறது. பச்சை இலை செம்பு நிறமாவது ஏன் என்றால் ஒட்சியேற்றம் வந்து நிற்கிறது. தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நாளொன்றுக்கு எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, மாதத்துக்கு அது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறவாத மாணவியும் திறப்பாள். ஏனெனில் அது அவள் தாயின் கூடை.

கணக்கில் மட்டுமன்று, உயிரிலும் இக்கல்விக்குப் பங்குண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். ஒரு போத்தலைக் கொண்டு மழையை அளக்கவும், நிலத்தின் வெடிப்பை வாரந்தோறும் குறித்து வைக்கவும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவதைக் கவனிக்கவும் தெரிந்த மாணவர் கூட்டம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தால், "எங்களை எப்போது இடம் மாற்றுவீர்கள்?" என்று கேட்கும் குரலும் அங்கே இருக்கும்.

முறை மட்டுமே மோட்சம் தராது என்பதையும் சொல்லவேண்டும். 1790களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அண்ட்ரூ பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பித்தார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே நேர்ந்தது என்ன? நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் நிறுத்தி, ஏவலுக்கு இசைய ஒப்பிக்க வைக்கும் இயந்திரமாயிற்று! கேள்வி இல்லாத இடத்தில் எந்தப் புதுமையும் பிரட்டாகவே முடியும். திறன்பலகைக்கும் கணினிக்கும் இதே விதிதான்.

"பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா? பரீட்சை வருகிறதே!" என்பார் சிலர். முடிப்பது யார்? ஆசிரியர் முடிக்கிறார், மாணவன் தொடங்கவேயில்லை. அவன் பிடித்துக்கொள்ளாத பாடத்தைக் கரும்பலகையில் முடித்துப் பயன் யாது?

ஆகவே நாம் வேண்டுவன இவை. உயர்கல்வி, தொழிற்கல்வி நிலையங்களில் கற்பிப்போருக்குக் கற்பிக்கும் கலையிலும் இடையறாத பயிற்சி அளிக்கப்படவேண்டும். ஊவாவில் தொழிற்பாடநெறிகள் தமிழிலும் போதிய அளவில் நடைபெற வேண்டும்; விளங்காத மொழியில் கேள்வி பிறக்காது. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. கொழுந்து கிள்ளியவளின் மகள் அந்த மண்டபத்தில் அமர்வதற்கு, தரம் ஆறிலேயே வழி திறக்கப்படவேண்டும்.

அரசாங்கத்தை நோக்கிக் கை நீட்டிவிட்டு நாம் ஓய்ந்திருக்கவும் கூடாது. பதுளையில் தொழில் புரியும் வைத்தியரே, பொறியியலாளரே, கணக்காளரே! மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீங்கள் பிறந்த தோட்டத்துப் பாடசாலைக்குப் போங்கள். சொற்பொழிவாற்ற அல்ல, பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்ல. வெலிமடையிலும் ஊவாப் பரணகமையிலும் கிழங்கும் மரக்கறியும் விளைவிக்கும் விவசாயப் பெருமக்களே! உங்கள் பாத்தி ஒன்றை மாணவரின் பரிசோதனைக்கு விட்டுக்கொடுங்கள். உரம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, விலை யார் கைக்குப் போகிறது என்று அவர்கள் கேட்கட்டும்.

1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையை முழுமையாக மீட்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை நம் மக்கள் போராட வேண்டியிருந்தது. அது சட்டப்புத்தகத்துக்கு வந்துவிட்டது, வகுப்பறைக்கு வந்துவிட்டதா? கேட்கத் தெரியாதவன் கையில் வாக்குச்சீட்டு வெறுங் காகிதமே. நம் பிள்ளை வகுப்பில் எழுந்து 'ஏன்?' என்று கேட்கும் நாளில்தான் தோட்டத்துப் பிரட்டுக்களம் உண்மையில் கலையும்.