மாணவியின் கர்ப்பமும் ஊராரின் மானமும்

கல்லூரியில் வாசிக்கும் பெண்ணைப் பெற்ற தகப்பனார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் படிக்கும் கல்லூரியில் கலியாணமாகாத மாணவி ஒருத்தி கர்ப்பமாகிவிட்டாளாம். பெற்றோர் வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்குக் காரணமான பையன் அடுத்த வாரமே வந்து பரீட்சை எழுதினானாம். இதைக் கேட்டது முதல் பயமாயிருக்கிறதென்றும், தம் பெண்ணின் படிப்பை நிறுத்திவிடலாமா என்றும் கேட்கிறார்.

நிறுத்தக் கூடாது என்பதே நமது பதில். காரியத்தை இருவர் சேர்ந்து செய்திருக்க, ஒருவன் பரீட்சை எழுதுகிறான். மற்றொருத்தி படிப்பிழந்து வீட்டில் அடைந்து கிடக்கிறாள். படிப்புத்தான் கெடுத்ததென்றால் இருவரையுமல்லவா கெடுத்திருக்க வேண்டும்? ஒருத்தியை மாத்திரம் கெடுத்தது எது? கற்பு பெண்ணுக்கு மாத்திரமே உரியது என்று ஆண்கள் செய்துவைத்த ஏற்பாடல்லவா?

வைதீகர்கள் இதற்குச் சாஸ்திரம் பேச வருவார்கள். அவர்களுடைய பாரதத்தையே எடுத்துக்கொள்வோம். குந்தி கலியாணத்திற்கு முன்பே சூரியனால் பிள்ளை பெற்றாள். ஊருக்குப் பயந்து அதைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். சூரியனை யாராவது ஜாதியை விட்டுத் தள்ளினார்களா? இன்றும் காலையில் எழுந்து அவனைத்தானே கும்பிடுகிறார்கள்? குந்தி பயந்து வாயை மூடிக்கொண்டிருந்ததன் பலன் என்ன? அண்ணன் என்று தெரியாமலே தம்பி அண்ணனைக் கொன்றான். அந்தப் பயத்தைத்தான் இன்றும் நம் பெண்களுக்குச் சீதனமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நிற்க, இந்தப் பயம் பெண்ணை எப்படிக் கொல்லுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாள் தள்ளிப்போனதும் சோதித்துப் பார்க்கப் பயம்; மருந்துக் கடையில் கேட்க வெட்கம்; தாயிடம் சொல்ல நடுக்கம். இப்படியே வாரங்கள் கழிகின்றன. முதல் சில வாரங்களில் டாக்டரின் மேற்பார்வையில் மாத்திரையாலேயே முடிந்துவிடக் கூடிய காரியத்திற்கு, வாரம் ஏற ஏற ஆபத்தும் செலவும் ஏறுகின்றன. பிறகு எருக்கங்குச்சியும், எவனோ இரகசியமாய் விற்கும் மருந்தும், கடைசியில் தூக்குக் கயிறும் வந்து சேருகின்றன. இவ்வளவையும் செய்வது கர்ப்பமா, மானமா?

சட்டமோ ஊராரைவிட எவ்வளவோ தூரம் முன்னே போய்விட்டது. 1860ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கல்லாமல் கருவைக் கலைப்பது குற்றமாயிருந்தது. 1971ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தியது. 2021ல் அதைத் திருத்தியபோது, கர்ப்பத்தடை தவறிப்போன சந்தர்ப்பத்தைப் பற்றிய இடத்தில் 'கலியாணமான பெண்', 'புருஷன்' என்றிருந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு, 'பெண்', 'துணைவர்' என்று போட்டார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். 20க்கு மேல் 24 வரை, குறிப்பிட்ட சிலருக்கு, இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயம் வேண்டும். அந்தச் சிலரில் கலியாணமாகாத பெண்ணும் அடங்குவாள் என்று 29-9-2022ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

18 வயது பூர்த்தியான பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். தகப்பன் கையெழுத்தோ புருஷன் கையெழுத்தோ வேண்டியதில்லை. 18 ஆகாதவளுக்குத்தான் காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவள் பெயரைச் சட்டப்படி அதிகாரமில்லாதவர்களுக்கு வெளியிடும் டாக்டருக்கு ஒரு வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. இப்படியிருக்க, "புருஷன் எங்கே? பெரியவர்கள் யார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் ஆஸ்பத்திரிகள் வைத்தியம் பார்க்கின்றனவா, கற்புக்குக் காவல் காக்கின்றனவா? முடிவு டாக்டரின் அபிப்பிராயத்தில் தொங்குகிறதே தவிர, பெண்ணின் உரிமையாக இன்னும் ஆகவில்லை என்பதும் நமக்குக் குறைதான். ஆனாலும், இருப்பதையே அறியாமல் பெண்கள் சாவது அதைவிடப் பெரிய குறையல்லவா?

எல்லோரும் கருவைக் கலைத்துவிட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. பெற்றுக்கொள்ள விரும்புகிறவள் பெற்றுக்கொள்ளட்டும். அதற்காக அவள் படிப்பு ஏன் போக வேண்டும்? மாணவிகளுக்குப் பிரசவ லீவும் ஹாஜர் சலுகையும் கொடுக்க விதிகள் செய்யும்படி பல்கலைக்கழக மானியக் குழுவே 2021 டிசம்பரில் எழுதியிருக்கிறது. கலைப்பதும் பெறுவதும் சுமக்கிறவளின் இஷ்டம். ஆனால் நம் ஊராரின் வைத்தியம் வேறு. பையன் சொந்த ஜாதியென்றால் அவசரத் தாலி. வேறு ஜாதியென்றால் அரிவாள். இரண்டிலும் பெண்ணை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கர்ப்பத்தடையை மற்றவர்கள் தேசத்தின் தரித்திரத்தைப் போக்கவும் தாயின் தேக சுகத்திற்காகவும் ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்கே அது வேண்டும் என்று சொன்னவர் பெரியார். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற புத்தகத்தில் அதைக் காணலாம். இத்தனை வருஷங்களுக்குப் பிறகும், தாவரத்தின் மகரந்தத்தைப் பற்றி மணிக்கணக்காய்ப் போதிக்கும் உபாத்தியாயர், மனித சரீரத்தைப் பற்றிய பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போகிறாரென்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

ஆகவே கடிதம் எழுதிய நண்பருக்கு நாம் சொல்வது இதுதான். பெண்ணின் படிப்பை நிறுத்தாதீர்கள். இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, "உனக்கு எது நேர்ந்தாலும் முதலில் என்னிடம் வந்து சொல், உன்னைவிட எனக்கு ஊர் பெரிதல்ல" என்று சொல்லுங்கள். மகனிருந்தால் அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் பொறுப்பு இன்னதென்று சொல்லுங்கள். அந்த மாணவியின் தகப்பனார் இந்த வார்த்தையை முன்பே சொல்லியிருந்தால், அவளும் அந்தப் பரீட்சையை எழுதியிருப்பாள்.