கடலடிக் குடிக்கணக்கு

பனிமய மாதாவின் பேராலயத்தைத் தன் நடுவே கொண்டது நம் மறைமாவட்டம். ஆயினும் பனிக்கட்டி மூடிய நிலத்தைக் கண்ணால் கண்டவர் நம் பங்குகளில் மிகச் சிலரே. கப்பலில் வேலைக்குச் சென்று திரும்பியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. இம்மாதம் அந்தப் பனிக்கடலின் அடியில் காணப்பட்ட ஒன்றைப் பற்றி எழுதப் புகுகிறேன். அது நம் முத்துக்கடலைப் பற்றியும் சில வினாக்களை எழுப்புகிறது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் போலார்ஸ்டெர்ன் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சிக் கப்பல் தென்துருவத்தின் வெடல் கடலில் சென்றுகொண்டிருந்தது. கப்பலின் பின்னால் நீண்ட கம்பியில் கட்டி, காமிராக்களும் விளக்குகளும் பொருத்திய சட்டம் ஒன்றைத் தரையிலிருந்து ஓராள் உயரத்திற்கு மேலாக இழுத்துச் சென்றார்கள். ஆழமோ 400 மீட்டருக்கும் அதிகம். கதிரவன் ஒளி எட்டாத இருள். அங்கே திரையில் வட்ட வட்டமான குழிகள் தோன்றத் தொடங்கின. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலம்; நடுவே கூழாங்கற்களின் மீது முட்டைகள்; பெரும்பாலான குழிகளில் ஒரு மீன் காவல் இருந்தது. மணிக்கணக்கில் இழுத்தும் குழிகள் முடியவில்லை. படங்களில் எண்ணப்பட்டவை மட்டும் 16,160. அதைக் கொண்டு, ஏறத்தாழ 240 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 கோடி மீன்கூடுகள் இருக்கலாமென்று கணித்து 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஒரு கூட்டில் சராசரியாக 1,700க்கு மேற்பட்ட முட்டைகள். இத்துணை பெரிய மீன் குடியிருப்பை அதற்கு முன் உலகில் எவரும் கண்டதில்லை.

அம்மீனின் பெயரைக் கேட்டால் மறைக்கல்விச் சிறுவரும் மகிழ்வர். விஞ்ஞானிகள் அதற்கு யோனா தீர்க்கதரிசியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டு முதன்முதலில் அறியப்பட்ட மீன் ஆதலால் அப்பெயர். அதன் இரத்தத்தில் சிவப்பணு நிறமே கிடையாது. கடுங்குளிர் நீரில் உயிர்க்காற்று மிகுதியாகக் கரைந்திருப்பதால் நிறமற்ற இரத்தத்தோடே அது வாழ்ந்துவிடுகிறது.

முற்காலத்தில் கடலடியை அறிய விரும்பியோர் வலையையும் வாரியையும் இறக்கி, தரையைச் சுரண்டி மேலே கொண்டுவந்து கொட்டுவர். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் அவ்வாறுதான் ஆழ்கடல் உயிர்களை உலகிற்குக் காட்டியது. அன்று வேறு வழியில்லை. ஆனால் அம்முறையில் மேலே வந்ததெல்லாம் நசுங்கிய உடலே. எது எதனருகில் இருந்தது, எது எதைக் காத்து நின்றது என்பது தெரியாது. மேற்சொன்ன மீன்களை வலையால் அள்ளியிருந்தால் மீன் கிடைத்திருக்கும், கூடு கிடைத்திராது. காமிராவோ எதையும் எடுப்பதில்லை. அளவறியவும் எளிய உபாயம் உண்டு: குறித்த இடைவெளியில் இரண்டு லேசர் ஒளிப்புள்ளிகளைத் தரையில் வீழ்த்துவார்கள், படத்தில் அப்புள்ளிகளின் தூரத்தை வைத்து மற்றவற்றின் அளவைக் கணக்கிடுவார்கள். பிறகு கரையில் மனிதர் அமர்ந்து, படம் படமாகப் பார்த்து எண்ண வேண்டும். பங்குக் குடும்பப் பதிவேட்டை வீடு வீடாகச் சென்று நிரப்பியவர்களுக்கு அவ்வேலையின் சலிப்பு விளங்கும்.

இன்னொரு நிகழ்ச்சி 2025 ஜனவரியில். அதே துருவத்தின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில், ஜார்ஜ் அரசர் பெயர் கொண்ட பனித்தட்டிலிருந்து 500 சதுர கிலோமீட்டர் அளவுள்ள பனிப்பாறை பெயர்ந்து நகர்ந்தது. அருகிலிருந்த ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று சில நாட்களிலேயே அவ்விடத்திற்கு விரைந்து, ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியை இறக்கியது. நெடுங்காலம் பனிக்கூரைக்கு அடியில் மறைந்திருந்த தரையில் பெரும் பவளங்களும் கடற்பஞ்சுகளும் செழித்து நின்றன. கடலின் ஆழத்தைக் குறித்து ஆண்டவர் வினவும்போது யோபு விடையின்றி நின்ற காட்சி நினைவிற்கு வருகிறது. நம் நாட்டாரும் இம்முயற்சிக்குப் புறம்பானவரல்லர். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் துருவ நீருக்கென்றே இத்தகைய கருவியொன்றைச் செய்து, 2015இல் தென்துருவத்திற்குக் கொண்டு சென்றது. அதே கருவி அந்தமான் பவளப்பாறைகளிடையேயும் இறக்கப்பட்டது.

கடலடியைப் பார்த்துக் கணக்கெடுப்பது நமக்குப் புதிய கலையா? அன்று. இவ்வுலகில் அதனை நெடுங்காலமாகச் செய்துவந்த கரைகளில் நம் கரையும் ஒன்று. கொற்கையின் புகழ் முத்தால் வந்தது. முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் பார்களைச் சோதிக்கும் வழக்கம் இருந்தது. தொலையிரம் பார், நாகரைப் பார் என்று ஒவ்வொரு பாருக்கும் பெயருண்டு. காலில் கல் கட்டி, மூச்சடக்கி, 10 பாகத்திற்கும் கீழே இறங்கிய குளியாள், ஒரு நிமிடத்திற்குள் கண்டதையும் கையில் அள்ளியதையும் கொண்டு மேலே வருவார். சிப்பி இளையதா முதிர்ந்ததா, அடர்ந்துள்ளதா சிதறியுள்ளதா, சூரன் என்னும் பாசிச்சிப்பி மேலே படர்ந்து மூச்சை அடைத்துவிட்டதா, திருக்கை வந்து தின்றுவிட்டதா என்றெல்லாம் அவர் சொல்லே சான்று. மாதிரிச் சிப்பிகளை உடைத்து முத்தை மதிப்பிட்டு, அதன்பின்னரே குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வர். 1902இல் ஹெர்ட்மன் என்னும் பேராசிரியரும் ஹார்னெல் என்பவரும் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய வந்தபோதும் குளியாட்களின் துணையின்றி அவர்களால் அதிகம் செய்திருக்க முடியாது.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அந்தப் பார்வையெல்லாம் விலையை நோக்கிய பார்வை. முத்து உள்ள பார் பார்க்கப்பட்டது. முத்தில்லாத தரையை எவரும் எழுதி வைக்கவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு முற்றுப்பெற்றது. மீண்டும் நடத்தத்தக்க அளவில் சிப்பி சேரவேயில்லை. அக்காலத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முதுகில் காற்று உருளை சுமந்து இப்பார்களில் மூழ்கி ஆராய்ந்தார்கள்; 1973இல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தையும் விளைவித்தார்கள். இயற்கைப் பார்களோ வெறுமையாகவே நின்றன.

பவளப்பாறைகளின் கதை இதைவிடத் துயரமானது. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் ஆண்டாண்டாக அவற்றை வெட்டி எடுத்தார்கள். வெட்டியவர்கள் வறியவர்கள், வாங்கியவர்கள் வறியவர்களல்லர். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைந்தது. அவற்றுள் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் அமிழ்ந்துபோயின. 2000க்குப் பின் தூத்துக்குடி ஆய்வாளர்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கி, தரையில் அளவுநாடாவை விரித்து, அதனடியில் உயிருள்ள பவளம் எவ்வளவு, இறந்தது எவ்வளவு என்று அளந்து, படமெடுத்து வருகிறார்கள். அதனாலன்றோ 2016ஆம் ஆண்டின் கடல்வெப்பத்தில் நேர்ந்ததை நாம் அறிகிறோம்! நூற்றுக்கு ஏறத்தாழ 39 பங்காக இருந்த உயிர்ப்பவளம் 23 பங்காகச் சுருங்கியது. முன்னர் அளந்திராவிடில், வெளுத்துக் கிடந்த பாறையைக் கண்டு, என்றும் இப்படித்தான் போலும் என்று நாம் கடந்து போயிருப்போம்.

இதை ஆழ்வார்திருநகரியில் அமர்ந்து எழுதுகையில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் கண்முன் நிற்கின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்தது. வாழையும் நெல்லும் போயின, கால்நடைகள் போயின. அவ்விழப்புகளைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். குறைவாகவோ நிறைவாகவோ ஓர் எண் எழுதப்பட்டது. அந்தச் செந்நீர் சேற்றையும் பிளாஸ்டிக்கையும் சுமந்து புன்னைக்காயல் வழியே கடலில் இறங்கியதையும் பலர் கண்டோம். அது சென்று படிந்த தரையில் யாருடைய வீடு மூடுண்டது? வெள்ளத்திற்கு முந்திய படம் இருக்கும் இடத்தில்தான் அதற்கு விடை கூற இயலும். இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் இனி விடை கூறாது. தென்துருவத்திற்குச் சென்று கணக்கெடுக்கும் உலகில், புன்னைக்காயல் முகத்துவாரத்திற்கு வெளியே உள்ள தரை அதற்குரிய கவனத்தைப் பெற வேண்டாமா?

இங்கேதான் நம் குடும்பங்கள் நினைவிற்கு வருகின்றன. சங்கு குளிக்கும் தொழில் இன்றும் நம் கரையில் நடக்கிறது. படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கும் அவ்விளைஞர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். குழாய் மடங்கினால் மூச்சு நின்றுவிடும், விரைந்து மேலே வந்தால் கைகால் விளங்காமற் போகும். அத்தொழிலை நான் புகழவில்லை. ஆயினும் எந்தப் பாறையில் சென்ற ஆண்டு மீன் இருந்தது, எங்கே இப்போது வலைத்துண்டுகள் மூடிக்கிடக்கின்றன என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் எவருமிலர். பட்டம் பெற்ற ஆய்வாளர் ஆண்டில் சில நாள் காண்பதை அவர்கள் வாரந்தோறும் காண்கிறார்கள். அவ்வறிவு தந்தையோடு புதைக்கப்படுகிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அக்கல்லூரியின் வாயிலைக் குளியாள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் மிதித்தார்கள் என்று பெற்றோர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். மதிப்பெண் குறைவென்று நாமே முடிவுகட்டி, வேறு வழிக்கு அனுப்பிவிட்ட பிள்ளைகள் உண்டு.

வெடல் கடலில் அந்த மீன்கூடுகளின் நடுவே இரண்டு காமிராக்களை நிறுத்திவிட்டுத்தான் கப்பல் திரும்பியது. அடுத்த கப்பல் வரும்வரை அவை தாமே படமெடுத்துக்கொண்டிருக்கும்படியாக. நம்மிடம் அத்தகைய பொருள் வசதி இல்லை. ஆனால் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இருக்கிறது. சங்கு குளிக்கும் அன்பர்கள் தேதி, இடம், ஆழம், தரையில் கண்டது ஆகிய நான்கை மட்டும் குறித்து வந்தால் போதும். எழுத இயலாதவர் சொல்ல, பள்ளி செல்லும் பிள்ளை எழுதலாம். ஆண்டிறுதியில் அவற்றை உங்கள் பங்குக் குருவிடம் கொடுங்கள். தூத்துக்குடி ஆய்வாளர்களிடம் அவற்றைச் சேர்ப்பிப்பது எங்கள் பொறுப்பு.