அடுக்களைச் சொற்கள்: சாயும் ஹெர்பாத்தாவும்

ரஷ்யாவில் டீக்குப் பெயர் 'சாய்'. செக், செர்பிய, பல்கேரிய வீடுகளிலும் அதே சாய்தான். எல்லாம் ஸ்லாவ் குடும்பத்து மொழிகள், அக்கா தங்கை மாதிரி. ஆனால் போலந்துக்காரி 'ஹெர்பாத்தா' என்கிறாள்! இவள் ஏன் வேறு வழி போனாள்?

விஷயம் சீனாவில் இருக்கிறது, சகோதரிகளே. அங்கே தேயிலைக்கு எழுத்து ஒன்றுதான். பெரும்பாலான பகுதிகளில் அதை 'சா' என்று படிப்பார்கள். ஃபூஜியன் கடற்கரையில் 'தே' என்பார்கள். ரஷ்யாவுக்குத் தரை வழியாக வந்தது. 1727 ஒப்பந்தத்துக்குப் பிறகு கியாக்தா என்ற எல்லை ஊரில் கம்பளி மிருகத்தோலைக் கொடுத்துத் தேயிலையை வாங்கி, மாதக்கணக்கில் பயணம் செய்து கொண்டுபோனார்கள். கூடவே 'சா'வும் போயிற்று. 'தே'யைக் கப்பலேற்றியவர்கள் டச்சுக்காரர்கள்.

போலந்துக்கு மேற்கிலிருந்து வந்தது, அதுவும் மருந்தாக! மருந்துச் சரக்குக்கு லத்தீனில்தானே பெயர்? 'ஹெர்பா தேயா', அதாவது தே என்னும் மூலிகை. அது ஒட்டி ஹெர்பாத்தா ஆயிற்று. (மருந்து என்றதும் குழந்தைக்கு ஒரு பாலாடை புகட்டிவிடாதீர்கள்! டீ, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பதே நல்லது.)

வேடிக்கை கேளுங்கள். போலந்தில் வெந்நீர்க் கெண்டிக்குப் பெயர் 'சாய்னிக்'. ரஷ்யச் சொல்! ஜார் ஆட்சி நூறு வருஷத்துக்கு மேல் இருந்ததல்லவா, பாத்திரத்தின் பெயர் மாறியது, உள்ளே இருப்பதன் பெயர் மாறவில்லை. நம் வீட்டிலும் மாமியார் வைத்த பெயர் லேசில் போகிறதா?

'பிள்ளை டீ என்றால் அதட்டி, தேநீர் என்று சொல்ல வைக்க வேண்டுமா?' என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அம்மா, தேநீரில் உள்ள 'தே'யும் அந்தச் சீனக் கடற்கரைச் சரக்குதான். போலந்துக்காரி 'தே மூலிகை' என்றாள். நாம் 'தே இலை' என்றோம். தேநீர் என்று அழகாகச் சொல்லிக் கொடுங்கள், அடிக்க வேண்டாம். இலங்கைத் தமிழர் வீட்டில் 'தேத்தண்ணி' என்பார்கள். என் காதுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் இனிக்கிறது.