நாலு மணி நேரந்தானா?

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடிக் கடல் கடக்கிறார்கள். சிலர் சிங்கப்பூருக்கு, சிலர் துபாய்க்கு.

இரண்டில் எது அதிக தூரம்? மதுரையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால், இரண்டுமே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர்தான்! நேரே பறக்கும் விமானத்துக்குச் சுமார் நாலு, நாலரை மணி நேரம்.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே, போகும்போது ஏழு மணி நேரப் பயணம்போலத் தெரியும். திரும்பும்போது இரண்டே மணிபோலத் தெரியும். துபாய்க் கடிகாரமோ ஒன்றரை மணி பிந்தியது. அங்கே கணக்கு தலைகீழ்.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு அல்ல. ஊரில் தகப்பனார் கண்ணை மூடினால், மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். "நாலு மணி நேரந்தானே, சாயங்காலம் எடுத்துவிடலாம்" என்று பந்தலில் நேரம் குறிக்கிறார்கள். முதலாளியின் அனுமதி, டிக்கெட், மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் ஆஜர், இறங்கியதும் பாஸ்போர்ட் சோதனை, இவற்றையெல்லாம் யார் கூட்டுவது? மதுரை விமான நிலையம் அருப்புக்கோட்டைப் பக்கமே இருப்பது சௌகரியந்தான். ஆனால் கிடைத்தது சென்னை விமானம் என்றால்? தரை வழியில் இன்னும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்!

மகனிடமிருந்து போன் வந்தால், "எத்தனை மணிக்கு ஏறுகிறாய்?" என்று கேட்டுப் பயனில்லை. "எந்த ஊரில், நம் கடிகாரப்படி எத்தனை மணிக்கு இறங்குகிறாய்?" என்று கேட்க வேண்டும். எடுக்கிற நேரத்தை அதன் பிறகு சொல்லியனுப்பலாம்.