அப்பா குதிக்கவில்லை

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடையும் சத்தம் காலையில் ஆரம்பித்தால் நடை சாத்தும்வரை ஓய்வதில்லை. திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் வழி கேட்க வேண்டாம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். கேரளத்தின் பெரிய கோயில்களைத் தேவஸ்வம் போர்டுகள் நிர்வகிக்கின்றன. இந்தக் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம். பத்மநாபபுரத்தில் காவல் இருந்த வீரர்கள் வழிபட்ட பிள்ளையார் இவர் என்றும், தலைநகரம் மாறியபோது படையோடு திருவனந்தபுரம் வந்தார் என்றும் சொல்கிறார்கள். திருவிதாங்கூர் நாயர் படை பிற்பாடு மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. படை போன வழியே பிள்ளையாரும் போனார்.

அதனால்தானோ என்னவோ, பழைய பட்டாளத்துக்காரர்களின் வீட்டுக் கதைகள் இந்த வாசலில் அடிக்கடி காதில் விழும். சமீபத்தில் விழுந்த ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம்.

சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி எனக்குப் பல வருஷப் பழக்கம். எழுபது தாண்டியவர். பூர்வீகம் தக்கலைப் பக்கம். 1956 நவம்பருக்கு முன் அதுவும் திருவிதாங்கூர்தான். அவருடைய அப்பா பட்டாளத்துக்காரர், இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. சுதந்திர தினத்தன்று பழைய ராணுவ வீரர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி வைப்பதாக அண்ணாச்சியின் குடியிருப்புச் சங்கம் முடிவு செய்திருந்தது. அப்பாவின் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்பதை அவர் எழுதியே கொண்டு வந்திருந்தார்: 'பாராசூட் படை வீரர். இரண்டாம் உலகப் போரில் பசிஃபிக் களத்தில் போரிட்டவர்.'

"தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, தம்பி. நாளைக்கு அச்சுக்குக் குடுக்கணும்" என்றார்.

எனக்கு அந்த இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

இந்தியாவுக்குப் பாராசூட் படை இருந்தது உண்மை. 1941 அக்டோபரில் டெல்லியில் 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேடு உருவானது. பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ், பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்தவர். ஆனால், இந்தப் பிரிகேடு பசிஃபிக் பக்கமே போகவில்லை. 1944 மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷாக்கில் அது போரிட்டது, பாராசூட் இல்லாமல், தரையில் நின்று. கோஹிமாவை நோக்கி வந்த ஜப்பானியரை அங்கே சில நாட்கள் தடுத்து நிறுத்தி, அதற்குப் பெரும் விலை கொடுத்தது. போரில் இந்தியப் பாராசூட் வீரர்கள் வானிலிருந்து இறங்கிப் போரிட்டது 1945 மே 1-ந் தேதி, ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள எலிஃபண்ட் பாயிண்டில். அவர்களும் கூர்க்கா படையினர்.

பசிஃபிக்கில் குதித்தவர்கள் அமெரிக்கர்கள். 1943 செப்டம்பரில் நியூகினியின் நாட்ஸாப். 1945 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் கொரிஹிடார் தீவு. அதே மாதம் லாஸ் பானோஸ் முகாமில் அடைபட்டிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிவிலியன்களை மீட்கக் குதித்தது இன்னொரு அணி. சினிமாவில் நாம் பார்த்த பசிஃபிக் யுத்தம் பெரும்பாலும் இவர்களுடையதுதான்.

"பசிஃபிக்னு எப்படிச் சொல்றீங்க, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

மறுநாள் ஒரு பொட்டலத்தோடு வந்தார். மஞ்சளேறிப்போன மெல்லிய வெள்ளைத் துணி. அதற்குள் ஆறுமுனை நட்சத்திர மெடல் ஒன்று. நடுவிலே ஆங்கிலத்தில் 'பசிஃபிக் ஸ்டார்' என்று பொறித்திருந்தது. கரும்பச்சை ரிப்பன், இடையில் மஞ்சள் கோடு. துணி பாராசூட் துணி என்றார். அப்பா கொண்டு வந்தது. அம்மா கடைசிவரை அதை வேறு எதற்கும் எடுக்க விடவில்லையாம்.

"அப்பா யுத்தத்தைப் பத்திப் பேசவே மாட்டாரு. நாங்க தொணதொணன்னு கேட்டா ஒண்ணே ஒண்ணு சொல்லுவாரு. 'பாராசூட்ல வந்துதான் உயிரு பிழைச்சுது'. அவ்வளவுதான்."

மெடல் பொய் சொல்லவில்லை. அதை வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கிழக்கே ஜப்பானோடு நடந்த போருக்குப் பிரிட்டிஷ் அரசு இரண்டு நட்சத்திரங்களை வகுத்தது. பர்மா களத்துக்கு பர்மா ஸ்டார், பசிஃபிக் களத்துக்குப் பசிஃபிக் ஸ்டார். ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். மணிப்பூரிலும் பர்மாவிலும் போரிட்ட நம்மவர்கள் வாங்கியது முதலாவது. மலாயாவில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை நடந்த தரைப்போரைப் பசிஃபிக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். ஹாங்காங்கும் அந்தக் கணக்குதான். ஆகவே, இந்தியச் சிப்பாய் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் பசிஃபிக் ஸ்டார் இருந்தால் தீவுகளையும் தென்னை மரங்களையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் அதற்கு ஒரே அர்த்தம்: அவர் மலாயாவில் இருந்தார், சிங்கப்பூர் விழுந்தபோது அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்.

"டிஸ்சார்ஜ் புத்தகம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பெட்டியின் அடியில், செல்லரித்த ஓரங்களோடு. மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பெங்களூர். 1941-ல் மலாயா. அதற்குப் பிறகு ஒரே ஒரு பதிவு: 15-2-42 முதல் பி.ஓ.டபிள்யூ. அடுத்த பதிவு 1945 கடைசியில்தான். இடையில் மூன்றரை வருஷத்துக்கு வெறும் கோடு.

"பி.ஓ.டபிள்யூ.ன்னா ஏதோ ரெஜிமெண்ட் பேருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் அண்ணாச்சி.

போர்க்கைதி என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்பா பொய் சொன்னாரா, தம்பி?"

இல்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே பேசிவிட முடிகிறது. பாராசூட்டில் வந்தது யார், அல்லது எது, என்று அப்பா சொல்லவில்லை. பிள்ளைகள் அப்பாவையே எழுவாயாகப் போட்டுக்கொண்டார்கள். ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 ஆகஸ்ட் கடைசியில், இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் கைதி முகாம்களின் மேலே பறந்து முதலில் துண்டறிக்கைகளை வீசின. பிறகு உணவும் மருந்தும் பாராசூட்டில் இறங்கின. சில இடங்களில் மருத்துவர்களும் இறங்கினார்கள். அந்த வெள்ளைத் துணி அப்படி இறங்கிய ஒன்றின் துண்டாகத்தான் இருக்க வேண்டும். குதித்தது அப்பா இல்லை. பட்டினி கிடந்த அப்பாவுக்குச் சோறு குதித்தது.

அண்ணாச்சிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. பழவங்காடிக்கு வந்தால் அப்பா தேங்காய் விடலை போடுவாராம். சிதறிய சில்லை யாராவது மிதித்துவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் தாங்காதாம். "சாமி குத்தத்துக்குப் பயப்படுறாருன்னு நினைச்சோம்."

அந்த மூன்றரை வருஷத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கும்? அவருக்கு நடந்ததைச் சொல்ல அந்தப் புத்தகத்தில் வழியில்லை. பொதுவாக நடந்தது தெரியும். மலாயாவில் படை பின்வாங்கிக்கொண்டே வந்தபோது, எல்லாரும் கடந்த பிறகு பாலத்தைத் தகர்த்துவிட்டு வருவது சாப்பர்களின் வேலை. 1942 ஜனவரி 31-ந் தேதி ஜொகூர் பாலமும் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15-ந் தேதி புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்திய வீரர்களை நிறுத்தி, தனியாகப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கேதான் கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைப்பு விடுத்தார். பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். பல்லாயிரம் பேர் மறுத்தார்கள்.

சேர்ந்தவர்களின் கதை நமக்குத் தெரியும். நேதாஜி, செங்கோட்டை விசாரணை, ஊர்வலங்கள். அந்தப் புகழுக்கு அவர்கள் தகுதியானவர்கள். மறுத்தவர்களின் கதையை யாரும் சொல்லவில்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பல்களில் அடைத்து நியூகினிக்கும் நியூ பிரிட்டன் தீவுக்கும் கூலிகளாக அனுப்பினார்கள். 1943 மே மாதம் நியூகினியின் வெவாக்கில் சுமார் 3,000 இந்தியர்கள் இறக்கப்பட்டார்கள். பட்டினி, மலேரியா, அடி, குண்டுவீச்சு. 1945 செப்டம்பர் 30-ந் தேதி செப்பிக் ஆற்றங்கரையில் அங்கோரம் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர்கள் கண்டெடுத்தது ஜமேதார் சிண்ட் சிங்கையும் அவரோடு பத்துப் பேரையும். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காக சிண்ட் சிங் பின்தங்கினார். ஊருக்குப் புறப்பட்ட மற்ற பத்துப் பேரும் நவம்பரில் விமான விபத்தில் இறந்தார்கள். ஒருவர் மிஞ்சியதால் இந்தக் கதை மிஞ்சியது. அதைப் பிற்பாடு நூலாக்கியவர் அவருடைய மகன்.

ஒரு மகன் எழுதினார். எத்தனை பேர் எழுதாமல் விட்டோம்?

திரும்பி வந்தவர்கள் பேசாததற்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். விடுதலையான கைதிகளை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று பட்டியலில் பிரித்து விசாரித்தது பிரிட்டிஷ் ராணுவம். கறுப்புக்கு வேலை போனது. வெள்ளைக்கு வேலை நிலைத்தது. ஆனால் 1946-ல் ஊருக்கு வந்தால் ஊரே ஐ.என்.ஏ.வுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது. 'நீ ஏன் சேரவில்லை?' என்ற கேள்விக்கு அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து என்ன பதில் சொல்வார்? அண்ணாச்சியின் அப்பா 1954 வரை ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஆகவே, அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று ஊகிக்கலாம். வாயை மூடிக்கொள்வதே நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அந்த மௌனத்தில் பிள்ளைகள் பாராசூட்டை விரித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாராசூட் வீரர் என்ற பட்டத்துக்கு நம்மிடம் உண்மையான சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதே டாக்டர் ரங்கராஜ், 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவின் தலைவராகக் கொரியா போனார். 1951 மார்ச் 23-ந் தேதி முன்சான்-னியில் அமெரிக்க 187-வது வான்படைப் பிரிவோடு குதித்த சில இந்தியர்களில் அவரும் ஒருவர். அந்த அமெரிக்கப் பிரிவு உலகப் போரில் பிலிப்பைன்ஸில் போரிட்டது. அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அவர் குதித்ததை நம் அப்பாக்களுக்குக் கடன் வாங்கித் தர வேண்டியதில்லை. நம் அப்பாக்கள் பட்டதும் அதற்குக் குறைந்ததில்லை.

"கைதின்னு பலகையில போட்டா கேவலமா இருக்காதா?" என்றார் அண்ணாச்சி.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமில்லை. கைதி என்றால் திருடன், கொலைகாரன் என்றுதான் நம் காதில் விழுகிறது. ஆயுதத்தைக் கீழே போடும் முடிவை எடுத்தது தளபதி. சிப்பாய் அதற்கும் கீழ்ப்படிந்தான். அதற்குப் பிறகு மூன்றரை வருஷம், பார்க்க ஆளில்லாமல், பதக்கத்துக்கு வழியில்லாமல், உயிரோடு திரும்புவதையே கடமையாகச் செய்தான். சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லறைகூட இல்லாத 24,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. ஏராளமானவை இந்தியப் பெயர்கள். தக்கலைக்குத் திரும்பிய அந்தச் சாப்பர் அந்தச் சுவருக்குப் போகாமல் தப்பியவர். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இதை வாசிக்கிறவர்களில் யாருடைய வீட்டுப் பரணிலாவது ஒரு டிரங்குப் பெட்டி இருந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் திறந்து பாருங்கள். ரிப்பனின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படை எண்ணும் பெயரும் இருந்தால் அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். சாப்பர்களுக்குப் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன். பதில் வரலாம், வராமலும் போகலாம். எழுதினால்தானே தெரியும்?

அண்ணாச்சி எழுதிவிட்டார். பலகை வாசகத்தையும் மாற்றிவிட்டார்: 'மெட்ராஸ் சாப்பர்ஸ். மலாயா 1941-42. போர்க்கைதி 1942-45.' பாராசூட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அச்சுக்குக் கொடுத்த கையோடு பழவங்காடிக்கு வந்து ஒரு தேங்காய் உடைத்தார். பக்கத்தில் நின்றிருந்த பேரனிடம் சொன்னார்: "சில்லை மிதிச்சிராத, மக்கா."