முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

"ஓர் அகப்பக்கம் செய்ய எவ்வளவு ஆகும்?" சிறுதொழில் பற்றி வானொலியில் பேசும் நாள்களில், நிகழ்ச்சி முடிந்த பிறகும் இணைப்பில் காத்திருந்து நேயர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. உடனே பதில் சொல்ல மாட்டேன். "உங்களுக்குப் போன் போடுறவங்க என்ன கேட்கிறாங்க?" என்று திருப்பிக் கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாந்தான்" என்பார்கள். அந்த 'எல்லாந்தான்' என்னவென்று தாளில் எழுதிப் பார்க்கும் வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

கிள்ளானில் வீட்டிலிருந்தே தீபாவளிப் பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்கா இப்படித்தான் அழைத்தார். அகப்பக்கத்தில் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். திறந்ததும் குத்துவிளக்கின் சுடர் அசைய வேண்டும். நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். 'எங்கள் வரலாறு', 'எங்கள் நோக்கம்' என்று தனித்தனிப் பக்கங்கள் வேண்டும். (நாதஸ்வரம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஒலியை வைத்துப் பிழைப்பவன் சொல்கிறேன்: எல்ஆர்டியில் நின்றுகொண்டு பக்கத்தைத் திறக்கிறவர், சத்தம் வந்த நொடியே மூடிவிடுவார்.) ஒரு வாரம் கைப்பேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, அழைக்கிறவர்கள் கேட்பதை அப்படியே எழுதி வரச் சொன்னேன்.

எழுதி வந்தார். 'டப்பா என்ன விலை, ஒரு டப்பாவில் எத்தனை இருக்கும்?', 'நெய்யா, மார்ஜரினா?', 'முட்டை சேர்ப்பீங்களா?', 'ஜொகூருக்குப் போஸ் பண்ணுவீங்களா?', 'எந்தத் தேதி வரைக்கும் ஆர்டர் எடுப்பீங்க?' இவையே திரும்பத் திரும்ப. அவருடைய நோக்கம் என்னவென்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"தம்பி, இதுக்கு ஒரு பக்கம் போதும் போலிருக்கே" என்றார். போதும்தான். புதிதாகத் தொடங்குகிற பலருக்கும் ஒரே பக்கம் போதும். பத்துப் பக்கம் என்று சொல்லி விற்கிறவர்களுக்குத்தான் அது போதாது.

'முகநூலும் புலனமும் இருக்கும்போது அகப்பக்கம் எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கிறார். அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் முகநூலில் போன வாரம் போட்ட விலைப்பட்டியல் இந்த வாரம் எங்கோ கீழே போய்விடுகிறது. அதோடு, அந்த இடம் உங்களுடையது அல்ல. 2021 அக்டோபர் 4ஆம் தேதி முகநூல், இன்ஸ்டாகிராம், புலனம் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய 6 மணி நேரம் முடங்கின. அந்த வருடத் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்த நேரம். நம் நாட்டு நேரத்துக்கு அது நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி விடியற்காலையில் முடிந்ததால், பாதிப் பேர் தூக்கத்திலேயே அதைக் கடந்துவிட்டோம். அதுவே பகலில் நடந்திருந்தால்?

சரி, நோட்டுப் புத்தகம் நிரம்பிவிட்டது. அடுத்து ஓர் ஏ4 தாளை எடுத்து மூன்று முறை பாதி பாதியாக மடியுங்கள். கிடைக்கும் துண்டின் அகலம் சுமார் 7.4 சென்டிமீட்டர், ஏறக்குறைய உங்கள் கைப்பேசியின் அகலம். உங்கள் பக்கத்தை வரைய வேண்டியது அதில்தான். வடிவமைப்பாளர் பெரிய கணினித் திரையில் காட்டும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் பார்ப்பது இந்தத் துண்டுத் தாளின் அளவில். அதன் மேல் பாதியில் எது வர வேண்டும்? நீங்கள் விற்பது என்ன, எந்த ஊர், எப்படித் தொடர்புகொள்வது. வானொலியில் முதல் பத்து விநாடிக்குள் யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று தெரியாவிட்டால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். விரலால் தள்ளிப் பார்க்கிறவருக்கு அந்தப் பத்து விநாடிப் பொறுமைகூட இருக்காது.

இனி, பெயர். அகப்பக்க முகவரிக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். அதை ஒருவரிடம் தொலைபேசியில் ஒரே ஒருமுறை சொல்லுங்கள். அவர் தட்டச்சு செய்து சரியாக வந்து சேர்கிறாரா பாருங்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் சிக்கலே. தோசையை 'டி'யில் தொடங்குவதா, 'டிஎச்' போடுவதா? 'ழ'வுக்கு என்ன எழுத்து? 'வள்ளி' முடிவது 'ஐ'யிலா, 'ஒய்'யிலா? நடுவில் ஒரு கோடும் இருந்துவிட்டால் அறிவிப்பாளர் பாடு திண்டாட்டம். விளம்பரம் வாசிக்கும்போது எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கும் முகவரியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பெயர் எப்படி இருக்கிறது என்பதைவிட முக்கியம், அது யார் பெயரில் இருக்கிறது என்பது. எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண மேடை அலங்காரக் குழுவின் கதை இது. அகப்பக்கம் செய்துகொடுத்த பையன், முகவரியைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்திருக்கிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவனுக்கு அதுதான் எளிதாக இருந்தது. பிறகு வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவனுடைய பழைய மின்னஞ்சலில் தூங்கின. காலம் தாண்டிப் பெயர் காலாவதியானது. யாரோ அதை எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது. அவர்களுடைய வேனின் இரண்டு பக்கத்திலும் அதே முகவரி பெரிய எழுத்தில். கல்யாண வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்று அந்தக் குழுவின் தலைவர் சொல்லும்போது அவர் குரலே உடைந்துவிட்டது.

முகவரி என்பது வீட்டுக் கிராண்ட் மாதிரி. அது உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். பக்கம் குடியிருக்கும் சர்வர் வாடகை வீடு, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். வடிவமைப்பு, வீட்டைப் புதுப்பிக்கும் வேலை. அதை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இந்த மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கும் கடவுச்சொல்லும் உண்டு. மூன்றையும் கையில் வாங்கிய பிறகுதான் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எம்மில் பதிவான தொழில் என்றால் 'டாட் காம் டாட் மை' முகவரி கேட்டுப் பாருங்கள். நம் நாட்டு முகவரிகளை நிர்வகிப்பது மைநிக். இந்த வகை முகவரிக்குத் தொழில் பதிவு விவரம் கேட்பார்கள். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் வேறொருவர் பெயரில் போய்விடாமல் காப்பதும் அந்த அலைச்சல்தான்.

தமிழில் எழுதும் பக்கம் என்றால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சுவரொட்டி மாதிரி அழகாக ஒரு படம் செய்து, விலை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதி ஏற்றிவிடுகிறார்கள். கூகுளில் 'கிள்ளான் முறுக்கு' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படுவது கடினம். எங்கள் நிகழ்ச்சிக்குத் தவறாமல் அழைக்கும் பார்வையற்ற நேயர் ஒருவர் இருக்கிறார். கைப்பேசியே எழுத்தை வாசித்துச் சொல்ல, எல்லாச் செய்தியும் அவருக்குத் தெரியும். "உங்க விளம்பரதாரர் பக்கத்தைத் திறந்தேன், 'படம்', 'படம்'னு மட்டும்தான் சொல்லுது" என்றார் ஒருநாள். அவரும் தீபாவளிக்குப் பலகாரம் வாங்குகிறவர்தான். எழுத்தை எழுத்தாகவே, யூனிகோடில் போடுங்கள். படம் போட்டால் அதற்கு ஒரு வரி விளக்கமும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் வழியில்லை. இந்த எழுத்துரு இல்லாமல் அந்தப் பக்கம் திறக்காது, திறந்தாலும் புரியாத குறிகளாக வரும். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் வருவதற்கு உழைத்தவர்களில் நம் நாட்டு முத்து நெடுமாறனும் ஒருவர். 'முரசு அஞ்சல்' அவர் ஆக்கம். அவ்வளவு பாடுபட்டு வந்த வசதியைப் படத்துக்குள் பூட்டி வைப்பானேன்?

வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாதென்றால், கொக்கிகளும் சுழிகளும் மேல்வரியோடு இடிக்காதபடி வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். பட்டியில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று நீட்டி முழக்கினால் கைப்பேசியில் இரண்டு வரியாக உடையும். 'தொடர்பு' போதும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. இணையத்தில் பொருள் விற்கிறவர்களுக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் நடப்பில் உள்ளன. தொழிலின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் எப்போது வந்து சேரும் என்ற உத்தேசக் காலம் ஆகியவற்றைப் பக்கத்தில் காட்ட வேண்டும். 'விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்' என்று எழுதி வைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். அக்காவின் நோட்டில் இருந்த கேள்விகளையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். ஆர்டர் படிவத்தில் பெயர், முகவரி, எண் வாங்குகிறீர்கள் என்றால் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த விவரங்களை எதற்கு வாங்குகிறீர்கள் என்ற அறிவிப்பு மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும், உங்கள் பக்கம் முழுக்கத் தமிழில் இருந்தாலும்.

பக்கம் தயாரானதும் உங்கள் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரணக் கைப்பேசி டேட்டாவில் திறந்து பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்றே நான்கைந்து எம்பி இருக்கும். முறுக்கு மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல விரியும். படத்தைச் சுருக்கிப் போடுங்கள். பிறகு, உங்கள் தொழில் பற்றி எதுவும் தெரியாத, அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "ரெண்டு டப்பா ஆர்டர் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் விரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் மாற்ற வேண்டும்.

கடைசியாக, யார் இதைப் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். போன வருடத் தீபாவளி விலை இந்தப் பொங்கலுக்கும் தொங்கிக்கொண்டிருந்தால், கடை மூடிவிட்டது என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில் மாதத்துக்கு ஒரு நாளை வட்டமிடுங்கள், விலையையும் தேதியையும் சரிபார்க்க. முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய நாளையும் அதிலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.