பாம்பை வில்லனாக்கிய படம்

1967இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்தில், 'கா' என்னும் மலைப்பாம்பு கண்ணால் மயக்கி மௌக்லியை விழுங்கப் பார்க்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சி அது. 1894இல் கிப்ளிங் எழுதிய நூலிலோ, குரங்குகள் தூக்கிச் சென்ற மௌக்லியை மீட்கப் பாழ்நகருக்கு விரைந்து வருவதே இந்தக் காதான். குரங்குக் கூட்டத்தையே கட்டிப்போடும் அதன் மயக்கம் மௌக்லியைத் தீண்டுவதில்லை. காத்தவனைக் கயவனாக்குவதற்குப் பெயர் தழுவலா? அவதூறு!

நயினாதீவு நாகபூஷணியைத் தொழும் யாழ்ப்பாணத்தவர் நாம். அம்மனுக்குப் பாம்பு பூக்கொண்டு வந்த கதையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்கிறோம். பாம்பென்றால் வஞ்சகம் என்னும் படத்தையும் காட்டுகிறோம். படத்தைத் தடுக்க வேண்டாம். மூலக்கதையையும் வாசித்துக் காட்டுங்கள். தீர்ப்பைப் பிள்ளையே சொல்லட்டும்.